பூனை தாண்டிய சுவர்

சிறையில் எல்லோரும் அவரை மைடப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். கைதிகளின் கடிதங்களைப் படித்து, வெளியே போகக் கூடாததைக் கறுப்பு மையால் அடிப்பது அவர் வேலை. சுவர், பூட்டு, காவல் என்று ஒரு சொல் வந்தாலும் அடிக்க வேண்டும். மைடப்பா சந்தேகம் வந்தாலே அடித்துவிடுவார்.

பேர்பெற்ற எழுத்தாளர் ஒருவர் உள்ளே வந்த பிறகு அந்த வேலைக்கே ருசி வந்துவிட்டது. அவர் தன் சின்ன மகளுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவார். அதில் ஒரு குண்டுப் பூனையின் கதை தொடரும். மைடப்பா வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி கேட்பாள்: "பூனை என்னாச்சுங்க?" சொல்வது சட்டப்படி தப்புதான். ஆனால் வீட்டுச் சட்டம் வேறு.

ஒரு வாரம், நாய் துரத்த, பூனை சுவர் ஏறித் தப்பித்தது. மைடப்பா பழக்கதோஷத்தில் சுவரை அடித்தார், ஏறியதை அடித்தார், தப்பித்ததையும் அடித்தார். மிஞ்சியது நாய் மட்டும்.

மகளின் பதில் வந்தது. அதையும் அவர்தான் முதலில் படித்தார். "அப்பா, பூனையை நாய் கடிச்சிடுச்சா? எனக்குச் சாப்பிடவே பிடிக்கல."

அன்று இரவு வீட்டில் அதைச் சொன்னதும் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "பூனை என்ன ஜெயில்லயா இருக்கு?"

"சுவர்னு வந்துச்சே!"

"நம்ம வீட்லயும்தான் சுவர் இருக்கு, அதுக்கும் மை பூசுங்க! அந்தப் புள்ளை சாப்பிடாம எனக்கும் சாப்பாடு இறங்காது, சொல்லிட்டேன்."

மறுநாள் காலை மைடப்பா அந்தக் கடிதத்தோடு எழுத்தாளரின் அறை முன்னால் போய் நின்றார். நடந்ததைச் சொன்னார்.

"பூனை நல்லா இருக்குன்னு இன்னிக்கே எழுதிடுங்க சார். ஆனா சுவர் வேணாம்."

எழுத்தாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மரத்துல ஏறட்டுமா?"

"மரம் சுவர் பக்கத்துல இல்லையே?"

"நடுக்காட்டுல."

"அப்போ தாராளமா ஏறட்டும்."

முறை வராமல் கடிதம் போக மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும். மைடப்பா இதுவரை அவரிடம் எதுவும் கேட்டதில்லை. அன்று அவர் முன்னால் போய், "அவசரம், ஐயா" என்றார்.

"அவசரம்னா யாருக்காவது உடம்பு சரியில்லாம இருக்கணுமே. யாருக்குய்யா?"

"பூனைக்கு, ஐயா."

அதிகாரி பேனாவைக் கையில் வைத்தபடி அவரையே பார்த்தார். பிறகு கடிதத்தை வாங்கி முழுசாகப் படித்தார். கையெழுத்தும் போட்டார்.

அடுத்து வந்த பதிலில் இரண்டே வரி. "பூனை பொல்லாதது அப்பா. நான் தட்டைக் காலி பண்ணிட்டேன்."

அதில் அடிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் மைடப்பா அதை மூன்று முறை படித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார்.