துக்க வீட்டில் தலை குனிந்து நின்றது

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன்.

பேகம்பூர் பழைய சாமான் கடையில், மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த பிலிம் கேமரா ஒன்றை மலிவாக வாங்கியிருந்தேன். வயிற்றோடு பிடித்து, தலை குனிந்து மேல்கண்ணாடியைப் பார்த்துத்தான் அதில் படம் எடுக்க வேண்டும். எரியோட்டில் என் அண்ணன் முறைக்காரர் இறந்தபோது அதையும் கொண்டுபோனேன். சன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் அழகாக விழுந்தது. நெடுநேரம் குனிந்தே சரிபார்த்தேன்.

கண்ணீரில் அவர் மனைவியான மதினிக்குக் கேமரா தெரியவில்லை போலும். மகளிடம் சொன்னார்: "பாருத்தா, ஒஞ் சித்தப்பா வந்ததுல இருந்து தலை நிமிரல, செபம் பண்றாக. மத்தவுகளுக்குக் காப்பிதான் கவலை."

அவரை நான் திருத்தவில்லை. படத்தையும் எடுத்தேன், ஆண்டவர் பார்த்திருக்க.

இதைப் பிறருக்குச் சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். நான் செபித்ததாக மாற்றிவிடாதீர்கள்.