யானைக்குப் போட்ட வெடி

சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரத்தில் என்னை அகதி விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முதல் நாள் எங்கள் அகதி விடுதியில் இருந்த பெடியன்கள் எல்லாரும் எனக்குச் சொன்ன புத்தி ஒன்றுதான். வாயைக் குறைக்கச் சொன்னார்கள்.

"அண்ணை, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. நீங்கள் தொடங்கினா அந்த மனுசன் ரைப்ரைட்டருக்கு ரிபன் வாங்க ஓட வேணும்" என்றான் பக்கத்துக் கட்டில்காரன்.

"நான் இல்லாததைச் சொல்லுறேல்லையடா."

"ஓம் அண்ணை. இருக்கிறதைச் சொன்னாலே காணும், அதுதான் பயமாக் கிடக்கு."

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் கதைக்க எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணி கூட இல்லாமல் பிறந்தேன். கல்யாணம் கட்டின கையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்கும் அப்பால், மாவட்டத்தின் எல்லைக் காட்டுக்குப் போனேன். அந்தக் குடியேற்றத்தில் முதல் குடிசை என்னுடையது. முதல் கிணறும் நான் வெட்டினதுதான். பிறகு வந்த குடும்பங்களுக்கெல்லாம் வரம்பு கட்டச் சொல்லிக்கொடுத்தது நான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் அதில் ஒரு பிழையும் இல்லை.

அங்கே எங்களுக்குப் பெரிய தொல்லை யானை. கச்சான், அதுதான் நிலக்கடலை, விளைந்ததும் கூட்டமாக வந்துவிடும். அதைக் கலைப்பதற்கு அரசாங்கமே ஒரு வெடி தரும். சீனவெடி மாதிரித்தான், ஆனால் நல்ல தடிப்பு. திரியில் கொள்ளியைப் பிடித்து எறிந்தால் காடே அதிரும். எங்கள் வாயில் அது வெறும் 'வெடி'. அதற்கு முன்னால் யானையைச் சேர்த்து ஒருவரும் சொன்னதில்லை. அங்கே வேறு என்ன வெடி இருந்தது? இதை இங்கேயே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு சொல்தான் பிறகு என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தது.

விசாரணை நடந்தது இலையுதிர் காலத்தில். அந்த நாட்களில் விடுதிக்குப் பின்னால் இருந்த மலைச் சரிவில் விடியற்காலையில் டும், டும் என்று சத்தம் கேட்கத் தொடங்கியது. முதல் நாள் நாங்கள் அவ்வளவு பேரும் கட்டிலுக்குக் கீழே. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவன் கோப்பையோடு நிலத்தில் கிடந்தான். விடுதிப் பொறுப்பாளர் ஓடிவந்து, ஜன்னலைத் திறந்து, சரிவில் இருந்த திராட்சைத் தோட்டத்தைக் காட்டினார். இரண்டு கையையும் செட்டை மாதிரி அடித்துக் காட்டினார். குருவி கலைக்கிறார்களாம். நாங்கள் எழும்பித் தூசி தட்டிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

விசாரணை அறையில் மூன்று பேர்தான். மேசைக்கு அங்கால் ரைப்ரைட்டரோடு அதிகாரி, சிவந்த முகமும் பெரிய கைகளும் உள்ள மனுசன். பக்கத்தில் மொழிபெயர்க்க வந்த பிள்ளை. தமிழ்நாட்டுப் பிள்ளை, சூரிச்சில் படித்துக்கொண்டிருந்தது. அங்காலும் இங்காலும் மரியாதையாகத்தான் கதைத்தது.

"பயப்படாம சொல்லுங்க ஐயா. அங்க என்ன நடந்துச்சு?"

நான் பயப்படுகிற ஆளா? தொடக்கத்திலிருந்து சொன்னேன். ஒரு நாள் காலை எல்லைக்கு அங்காலிருந்து இரண்டு உழவு இயந்திரத்தில் ஆட்கள் கோடரியும் அலவாங்குமாக வந்து இறங்கினார்கள். காணி தங்களுக்கு வேண்டுமாம், குடிசைகளைப் பிரிக்க வேண்டுமாம். பெண்கள் மண்வெட்டியோடு பாதையை மறித்து நின்றார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு வந்து முதலாவதாக என் கூரையில் கைவைத்தார்கள். அந்த இடத்தில்தான் சனம் எழும்பியது. அதுவரைக்கும் குனிந்து நின்ற சனம்.

"நான்தான் பிள்ளை முன்னுக்கு நிண்டனான். வெடியைக் கொளுத்தி எறிஞ்சன். அவங்கள் ஓடின ஓட்டம்! ஒருத்தன் செருப்பையும் விட்டிட்டு ஓடினான்."

பிள்ளை கொஞ்சம் நிறுத்தியது. "வெடியா? அது உங்ககிட்டயே இருந்துச்சா?"

"ஓம். எல்லா வீட்டிலையும் ஒரு பெட்டி இருக்கும்."

"யாரு குடுத்தாங்க?"

"அரசாங்கம்தான்."

பிள்ளை அதைச் சொன்னதும் அதிகாரி தட்டுவதை விட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். என் கதை அவரைப் பிடித்துவிட்டது என்று நினைத்து நான் இன்னும் உற்சாகமாகிவிட்டேன்.

"அதுக்கு முன்னாடியும் எறிஞ்சிருக்கீங்களான்னு கேக்குறார்."

"கச்சான் காலத்திலை ஒவ்வொரு நாளும் எறியிறதுதானே! எறியப் பழக்கினதே நான்தான் எண்டு சொல்லுங்கோ."

பிறகு நடந்ததையும் சொன்னேன். அடுத்த போகம் முடிய ஆமிக்காரர் வந்தார்கள். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. குடிசைகளை எரித்தார்கள். துவக்குக்கு முன்னால் எங்கள் வெடி என்ன செய்யும்? மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்தில் மச்சான் வீட்டில் விட்டுவிட்டு நான் கொழும்புக்குப் போய் விமானம் ஏறினேன்.

எல்லாம் முடிந்ததும், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டுவார்கள். சரியென்றால் கையெழுத்து வைக்க வேண்டும். பிள்ளை தாளைப் பார்த்து மெல்ல வாசித்தது. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் என் தலை நின்றுவிட்டது.

"'நான் வெடிகுண்டுகளைக் கொளுத்தி வீசினேன். பருவகாலத்தில் தினமும் வீசுவோம். மற்றவர்களுக்கு நான் பயிற்சி அளித்தேன்.'"

"குண்டோ? ஆர் பிள்ளை குண்டெண்டு சொன்னது?"

"நீங்கதானே ஐயா சொன்னீங்க, கொளுத்தி எறிஞ்சேன்னு."

"ஐயோ, அது யானைக்குப் போடுற வெடியெல்லோ!"

பிள்ளை விழித்தது. "யானையா? இந்தக் கதையில யானை எங்க வந்துச்சு?"

யோசித்துப் பார்த்தால் அது நியாயமான கேள்வி. அவ்வளவு நேரமும் நான் யானை என்ற சொல்லை வாயில் எடுக்கவேயில்லை. பிள்ளை அதிகாரிக்குச் சொன்னது. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஏதோ கேட்டார். பிள்ளையின் குரல் இறங்கிவிட்டது.

"இப்ப மாத்திச் சொல்றீங்களேன்னு கேக்குறார் ஐயா. குண்டு போட்டவங்கன்னா இங்க இருக்க விடமாட்டாங்க."

மச்சான் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கும் என் இரண்டு பிள்ளைகளும்தான் கண்ணுக்குள் வந்தார்கள். வாயால் வந்ததை வாயால் திருத்த முடியாமல் போய்விடுமோ என்று முதன்முதலாகப் பயந்தேன். ஆனால் நான் நின்று யோசிக்கிற ஆள் இல்லை. எழும்பி ஜன்னலடிக்குப் போனேன். தூரத்து மலைச் சரிவைக் காட்டினேன். "டும்!" என்றேன். இரண்டு கையையும் செட்டை மாதிரி அடித்தேன். பிறகு ஒரு கையை மூக்கில் வைத்துத் தும்பிக்கை மாதிரி ஆட்டினேன். "டும்!" என்று இன்னொரு தரம் சொன்னேன்.

அதிகாரி என்னையே பார்த்தார். அவருடைய மீசை அசைந்தது. பிறகு மேசையில் கையால் அடித்துச் சிரித்தார்.

"அவங்க அப்பாவுக்கும் திராட்சைத் தோட்டம் இருந்துச்சாம்" என்றது பிள்ளை. அதன் முகத்திலும் இப்போது இரத்தம் வந்திருந்தது. "சின்ன வயசுல குருவிக்கு இவர்தான் வெடி போடுவாராம். யானைக்கு எப்படிப் போடுவீங்கன்னு கேக்குறார்."

இது கேள்வி. நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். யானைக்கு நேரே எறியக் கூடாது. பின்னால் எறிந்தால் அது எங்கள் பக்கமே வரும். பக்கத்தில் எறிந்து, அது ஓடுவதற்கு ஒரு வழியைத் திறந்துவிட வேண்டும்.

"அந்த ஆட்களுக்கும் அப்படித்தான் எறிஞ்சீங்களா?"

"வேறை எப்பிடி? வந்த பாதையை விட்டிட்டு, வெறும் வாய்க்காலுக்கைதான் எறிஞ்சன். ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்லை. அந்தச் செருப்பையும் பிறகு வேலியிலை கொழுவி விட்டனாங்கள், வந்தா எடுக்கட்டுமெண்டு."

அதிகாரி புதுத் தாள் ஒன்றை ஏற்றி மறுபடி தட்டினார். தட்டிக்கொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அதற்குள் 'எலிஃபான்டன்' என்று ஒரு சொல் கேட்டது. ஒருவரும் மொழிபெயர்க்காமல் எனக்கு விளங்கிய முதல் ஜெர்மன் சொல் அது. பிள்ளை திரும்பவும் வாசித்தது. இந்த முறை யானை இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் யானை இருந்தது. கையெழுத்து வைத்தேன். எழுத்துக் கூட்டி வைக்கிற கையெழுத்துத்தான், ஆனால் முழுப் பெயரையும் வைத்தேன்.

வெளியே பக்கத்துக் கட்டில்காரன் மழைக்குள் நின்றான்.

"என்ன அண்ணை, வாய் வித்துப் போட்டுதோ?"

"விக்கத்தான் பாத்தது. பிறகு அதுவே மீட்டுக் கொண்டு வந்திட்டுது."

நாட்டில் இருக்கலாம் என்ற பதில் வர நீண்ட காலம் எடுத்தது. அதுவரைக்கும் சூரிச்சின் ஓர்லிகோனில் ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் சட்டி கழுவினேன். கழுவினவன் சமைக்கப் பழகி, சமைத்தவன் கடை போட்டது வேறு கதை. அதிலும் ஒருவரிடமும் கைநீட்டவில்லை. அனுமதி வந்து, பிறகு மனைவியும் பிள்ளைகளும் விமானத்தில் வந்து இறங்கிய அன்றுதான் நான் மூச்சை முழுதாக விட்டேன்.

அவர்கள் வந்த இலையுதிர் காலத்தில் பழைய விடுதிக்காரரைப் பார்க்க ஆராவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது சரிவில் டும் என்றது. புதிதாக வந்திருந்த இரண்டு பெடியன்கள் நிலத்தில் விழுந்தார்கள். என் மனைவி கோப்பையைக் கூட வைக்கவில்லை.

"இங்கையும் யானை வருதோ?"

"இல்லையப்பா. குருவி."

"குருவிக்கோ இந்தச் சத்தம்!" என்றாள். பிறகு விழுந்து கிடந்த பெடியன்களைப் பார்த்து, "எழும்புங்கோ தம்பியவை, இது வெடிதான்" என்றாள். "எங்கட இடத்திலை கொள்ளி எடுத்துக் குடுக்கிறது நான். இவர் சும்மா எறியிறது மட்டும்தான்."