டேப் ஒட்டிய பொத்தான்

லோமேக்ஸ் யூடி வாயைத் திறந்தால் பக்கத்து மாவட்டத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிடும். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று எங்கள் ஷூஃபர்ட் மில் ஊரில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். கோழிகளின் கணக்கில் வேண்டுமானால் ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். காலுறை ஆலையில் பின்னல் இயந்திரங்களைப் பழுதுபார்த்தே வயதைக் கழித்தவர் அவர். அந்த இரைச்சல் காதில் பாதியைத் தின்றுவிட்டது. விரல் முட்டிகள் ஒவ்வொன்றும் வால்நட் கொட்டை அளவுக்கு வீங்கிவிட்டன. ஆலையை மூடிய பிறகு அவருக்கு மிஞ்சியது அந்தக் குரலும் ஒரு பழைய பள்ளிப் பேருந்தும். மகள் ட்ரெஸ்ஸாவும் இருந்தாள். ஆனால் அவளைப் பற்றி அவர் பேசமாட்டார்.

பேருந்தைப் பற்றிப் பேசுவார். என் வகுப்புப் பிள்ளைகளை ஏற்றி வந்த அதே பேருந்துதான். ஓர் இருக்கையின் முதுகில் எவனோ என் பெயரையும் அதற்கு முன்னால் ஒரு வசைச்சொல்லையும் கத்தியால் செதுக்கியிருக்கிறான். எழுத்துப்பிழை இல்லாததால் மன்னித்துவிட்டேன். லோமேக்ஸ் அதற்கு வெளிர்பச்சை அடித்து, பந்தயம் பார்க்கக் கூரைமேல் பலகை பரப்பி, கம்பிவேலி கட்டி, நாற்காலி போட்டு, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அறுபத்து மூன்று என்று எழுதினார். கார்ப் பந்தய வீரன் பிராண்ட்லி ஹார்க்கியின் கார் எண் அது. ஹார்க்கி மலைக்கு அந்தப் பக்கத்துப் பையன். மண் தடத்தில் ஓட்டிய காலத்திலிருந்தே லோமேக்ஸ் அவன் ரசிகர். இங்கே ஒருவர் கட்சி மாறலாம், தேவாலயம் மாறலாம், இரண்டாவது மனைவியைக்கூட ஊர் பொறுத்துக்கொள்ளும். தொப்பியில் இருக்கும் கார் எண்ணை மட்டும் மாற்றக் கூடாது.

ஜூன் மாதத்தில் அந்தச் செய்தி வந்தது. மறுநாள் காலை நோலாவின் சாப்பாட்டுக் கடைக்குள் லோமேக்ஸ் நுழைந்ததும் கெய்தர் போட்டீட் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார். கெய்தர் முடிவெட்டுபவர், சிவப்பு நிற நாற்பத்தொன்றாம் காரின் பக்தர், லோமேக்ஸுக்குச் சின்ன வயதிலிருந்தே நண்பர், அதாவது எதிரி.

"யோவ் லோமேக்ஸ், உன் ஆளு மூத்திரச் சோதனையில சின்ன பாட்டில்ல மாட்டிக்கிட்டானாமே?"

"வாயை மூடிக்கிட்டுத் தின்னு."

"ரெண்டையும் ஒண்ணா எப்படிச் செய்யறதுன்னு சொல்லிக் குடு. வலி மாத்திரையாம்ப்பா. போன வருஷம் சுவத்துல மோதித் தோள்பட்டையை உடைச்சுக்கிட்டானே, அப்போ ஆரம்பிச்சதாம். விட முடியலையாம்."

"கதையெல்லாம் எனக்கெதுக்கு? ஆயுசுக்கும் வண்டியைத் தொடவிடக் கூடாது."

"ஆயுசுக்குமா?" என்றாள் கல்லில் ஈரல் வறுவலைத் திருப்பிக்கொண்டிருந்த நோலா. "காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி யாருக்கும் தீர்ப்பு எழுதாதீங்க."

"அந்த வேகத்துல ரெண்டு வண்டிக்கு நடுவுல கை நுழையாது நோலா. இவன் மயக்கத்துல ஸ்டீயரிங்கைப் புடிப்பான், இன்னொருத்தன் வீட்டுல சாவு விழும்."

"சிகிச்சைக்குப் போறேன்னு ஒத்துக்கிட்டான்ல?" என்றார் கெய்தர். "முடிச்சிட்டு வந்தா சஸ்பெண்டை எடுத்துடுவாங்க. சேத்த பாயிண்ட் எல்லாம் போச்சு, அது வேற. ஆனா செப்டம்பர்ல நம்ம ஊர்ப் பந்தயம் இருக்கு பாரு, பிளேஆஃபுக்கு முந்தின கடைசிப் பந்தயம். அதுல ஜெயிச்சா கோப்பைக்குப் போட்டி போடற அந்த பிளேஆஃபுக்குள்ள நேரா போயிடலாம். அவன் வரணும்ப்பா. அவன் இல்லாம என் ஆளு கோப்பையைத் தூக்கினா அதுல உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல."

"வருவான். திருந்திட்டேன்னு சொல்லிக்கிட்டே வருவான்." லோமேக்ஸின் குரலில் கண்ணாடி டம்ளர்கள் அதிர்ந்தன. "மாத்திரைக்கு அடிமையானவன் எப்பவும் அடிமைதான். நம்ம மூஞ்சியைப் பாத்தே பொய் சொல்லுவான். உனக்கென்ன தெரியும்?"

கடையில் எல்லோரும் தட்டைப் பார்த்தோம். அடுப்படியின் திறப்புக்கு அந்தப் பக்கம் மோர் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் ட்ரெஸ்ஸா. பிசையும் சத்தம் நின்று, பிறகு மறுபடி தொடங்கியது.

அவளும் வலி மாத்திரையில்தான் விழுந்தாள். கோழி வெட்டும் ஆலையில் நின்று நின்று இடுப்பு போயிற்று. மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பிறகு எழுதிக் கொடுப்பதை நிறுத்தினார். அவளால் நிறுத்த முடியவில்லை. செத்துப்போன அம்மாவின் தையல் இயந்திரம் ஒருநாள் வீட்டிலிருந்து காணாமல் போனது. அப்போதும் லோமேக்ஸ் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த வருஷம் வசந்தத்தில் மலைமேலுள்ள சிகிச்சை இல்லத்திலிருந்து திரும்பி வந்தாள். நோலா வேலை கொடுத்தாள். ஊருக்கே தெரியும், ஊரே பேசாது. பேச வேண்டியதையெல்லாம் ஹார்க்கியின் தலையில் போட்டுப் பேசினோம். கோடை முழுக்க நடந்த அந்த விவாதத்தில் அந்தப் பையனை எத்தனை முறை தூக்கிலிட்டு எத்தனை முறை உயிர்ப்பித்தோம் என்று அவனுக்கே தெரியாது.

ஒரு மதியம் மேசை துடைத்துக்கொண்டே ட்ரெஸ்ஸா என்னிடம் கேட்டாள். "டீச்சர், அவன் திரும்பி வர்ற அன்னிக்கு எப்படி இருக்கும்? டயர் மாத்தறவன்கூட அவன் கண்ணைத்தானே பாப்பான்?"

"பாக்கட்டுமே. கண்ணுன்னா பாக்கத்தான் செய்வாங்க."

"அப்படியில்ல. எங்கப்பா காலையில என்னைப் பாக்கறப்போ என் முகத்தைப் பாக்கறதில்ல. மாத்திரை போட்டா கண்மணி சுருங்கும்ல, அது சின்னதா இருக்கா, பெருசா இருக்கான்னு பாக்கறார். தினமும்." துணியை முறுக்கிப் பிழிந்தாள். "இப்படியே போனா வீட்டை விட்டுக் கிளம்பிடுவேன் டீச்சர். கிளம்பினா எங்க போய் நிப்பேன்னு எனக்கு நல்லாத் தெரியும். அங்க என்ன கிடைக்கும்னும் தெரியும்."

அவள் துடைத்து முடித்த மேசையை நான் என் கைக்குட்டையால் மறுபடி துடைத்தேன்.

செப்டம்பரில் ஹார்க்கியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆயுசுக்கும் கூடாது என்ற லோமேக்ஸ் பேருந்தைக் கழுவினார். ட்ரெஸ்ஸா வாசலில் நின்று, "நானும் வரட்டாப்பா?" என்று கேட்டாளாம். "உன் ஹெட்செட் பழைய ஆணியிலதான் தொங்குது" என்றாராம் அவர். லோமேக்ஸ் அகராதியில் அது ஆலிங்கனம்.

எங்கள் தடம் பழையது, சின்னது. பேருந்தை நிறுத்துவது தடத்துக்கு நடுவிலிருக்கும் திடலில்; அந்த நடுத்திடலுக்கு ஒரே வாசல். அதுவும் தடத்தைக் குறுக்கே கடந்துதான். பந்தயம் தொடங்கிக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவர் யாரும் வெளியே போக முடியாது. ஒருமுறை ஒருவருக்கு மாரடைப்பு வந்து, முடியும்வரை காத்திருந்து, தன் கார் ஜெயித்த சந்தோஷத்தில் தானாகவே குணமாகிவிட்டார். அவர் இப்போதும் உயிரோடு இருக்கிறார், கேட்டுப் பாருங்கள்.

வண்டிகள் ஓடும்போது பக்கத்தில் குண்டு வெடித்தாலும் கேட்காது. அதனால் காதை மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அதிலேயே எங்களுக்குள் பேசிக்கொள்வோம். இடுப்பில் ஒரு பெட்டி, அதில் ஒரு பொத்தான். அழுத்திக்கொண்டிருக்கும்வரை மற்ற எல்லோருக்கும் கேட்கும். லோமேக்ஸின் விரலால் அழுத்திப் பிடிக்க முடியாது. பந்தயம் தொடங்கும்போதே டேப் போட்டு ஒட்டிவிடுவார். அவர் மூச்சும் வசவும் அவித்த வேர்க்கடலையை மெல்லும் சத்தமும் எங்கள் மூளைக்குள் நேராக வந்து விழும். பழகிவிட்டது.

அன்று கூரைமேல் நாலு பேர். லோமேக்ஸ், கெய்தர், நான், எனக்கு அந்தப் பக்கம் ட்ரெஸ்ஸா. ஹார்க்கியின் பெயரை அறிவித்தபோது பாதிக் கூட்டம் கூச்சலிட்டது, பாதி கைதட்டியது. லோமேக்ஸ் இரண்டும் செய்யவில்லை. ஆனால் ஹார்க்கியின் பச்சை வண்டி மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டி முன்னேற முன்னேற அவர் மூச்சு எங்கள் காதில் வேகமெடுத்தது.

பாதிப் பந்தயத்தில் பின்னால் இரண்டு வண்டிகள் மோதி மஞ்சள் கொடி விழுந்தது. எல்லா வண்டிகளும் வரிசையாக ஊர்ந்தன. கூரைமேல் ரகசியம் பேச எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: அடுத்தவரின் ஒரு பக்கக் காதுமூடியைத் தூக்கி, காதுக்குள் சொல்வது. லோமேக்ஸ் கெய்தரின் காதுமூடியைத் தூக்கினார். வாய்க்கு முன்னால் மைக் இருந்தது. இடுப்பில் டேப் இருந்தது.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன் கெய்தர். என் முட்டிவலி மாத்திரையை பஸ்ஸுல டூல்பாக்ஸ்ல வெச்சுப் பூட்டியிருக்கேன். சாவி என் ஷூக்குள்ள. அவ நல்லாத்தான் இருக்கா. அதான் பயமா இருக்கு. ஹார்க்கியையாவது நம்பலாம், வாராவாரம் சோதனைக்குப் பாட்டிலைக் கையில குடுக்கறாங்க. இவளை யாரு பாக்கறது? தினமும் எழுந்திரிச்சு, இன்னிக்கா, இன்னிக்கான்னு உக்காந்திருக்கேன். சீக்கிரம் விழுந்து தொலைச்சாக்கூடத் தேவலைன்னு இருக்குய்யா. காத்திருக்க முடியல."

கெய்தர் பாதியிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதை லோமேக்ஸ் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார். ட்ரெஸ்ஸா ஹெட்செட்டைக் கழற்றவில்லை. நேராகத் தடத்தைப் பார்த்தபடியே பொத்தானை அழுத்தினாள்.

"ப்பா. டேப்பு."

பிறகு ஏணியில் இறங்கிப் போனாள்.

பச்சைக் கொடி விழுந்து வண்டிகள் மறுபடி சீறின. நடுத்திடலைக் கடந்து கதவருகே போய் நின்ற அவளிடம் காவலாள் தலையை ஆட்டுவது மேலிருந்து தெரிந்தது. அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. திரும்பி வந்து பேருந்துக்குள் ஏறிக்கொண்டாள்.

ஹார்க்கி இப்போது இரண்டாவது. முன்னால் கெய்தரின் சிவப்பு வண்டி மட்டும். லோமேக்ஸ் எழுந்தார். மனைவிக்குப் பிரசவ வலி கண்ட அன்றே வானொலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போன மனிதர் அவர். கடைசிக் கொடிக்கு முன் அவர் தடத்துக்கு முதுகு காட்டி யாரும் பார்த்ததில்லை. அன்று ஏணியில் இறங்கினார், ஒவ்வொரு படியிலும் முட்டியைத் திட்டிக்கொண்டு.

கெய்தர் நாகரிகமான மனிதர்; ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நான் கழற்றவில்லை. இந்த வயதில் காதைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

முதலில் டேப்பைப் பிய்க்கும் சத்தம். அதன் பிறகு அவர் குரல் துண்டு துண்டாகத்தான் வந்தது. அந்த இரைச்சலில் எதிரெதிரே இருந்தாலும் ஹெட்செட்டில்தான் பேச முடியும்; விரல் வழுக்க வழுக்க மறுபடி அழுத்தினார்.

"ட்ரெஸ்ஸா... நான் அதை வந்து..."

"பொய்யாப்பா, சொன்னது?"

"இல்ல" என்றார்.

"ம்."

"சாவி... இந்தா. இனிமே நீயே வெச்சுக்க."

"ஐயோ, வேணாம்! எடுங்க அதை. எடுத்து ஷூக்குள்ளயே போடுங்க. பூட்டித்தான் வைக்கணும்ப்பா. நல்லாப் பூட்டுங்க. நானே கேட்டிருக்கணும், கேக்க வெக்கமா இருந்துச்சு. ஆனா என்கிட்ட சொல்லிட்டுப் பூட்டுங்க. பயமா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க. கெய்தர் அங்கிள் காதுல இல்ல."

"உன்கிட்ட எப்படிச் சொல்றது... உன்னைப் பத்தித்தானே பயம்."

"எனக்கும் என்னைப் பத்தித்தான் பயம்."

அவள் பொத்தானை விட்டு மறுபடி அழுத்தும் சத்தம் கேட்டது.

"விழுந்து தொலைச்சா தேவலைன்னு..." அவள் முடிக்கவில்லை.

"அது..." விரல் வழுக்கியது. "அது சொல்லியிருக்கக் கூடாது."

"சில நாள் நானும் அப்படித்தான் நினைக்கறேன்ப்பா. சீக்கிரம் முடிஞ்சாத் தேவலைன்னு."

அதற்கு அவர் என்ன சொன்னாரோ, எனக்குக் கேட்கவில்லை. கூட்டம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. கடைசிச் சுற்று. பச்சையும் சிவப்பும் கதவோடு கதவு உரச வந்தன. கெய்தர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். கொடி ஆடியது. ஒரு பம்பர் நீளத்தில் சிவப்பு முந்தியது. ஹார்க்கி பிளேஆஃபில் இல்லை.

காதில் ட்ரெஸ்ஸாவின் குரல் வந்தது. "ப்பா, என்னாச்சு? யாரு ஜெயிச்சா?"

"தெரியலம்மா. நான் பாக்கல."

திங்கட்கிழமை நோலாவின் கடையில் கெய்தர் சிவப்புத் தொப்பியைக் கழற்றவே இல்லை. "என்னப்பா, உன் ஆளு இனிமே மீன் பிடிக்கப் போலாம். கோப்பைக்கு ஓட்டத் தேவையில்ல."

"அடுத்த வாரம் வண்டி எடுக்கறான்ல?" என்றார் லோமேக்ஸ்.

"எடுக்கறான். எடுத்து? அதான் பிளேஆஃப் போச்சே."

"எடுக்கறான்ல."

கெய்தர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்து, ட்ரெஸ்ஸா காப்பியோடு வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் குனிந்து கோப்பையில் ஊற்றினாள். லோமேக்ஸ் அவள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, ரகசியமாகச் சொன்னார். அவர் ரகசியம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தெருவில் போன தபால்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்குப் பயமா இருக்கு."

எல்லோரும் தட்டைப் பார்த்தோம்.

"எனக்கும்தான்" என்றாள் ட்ரெஸ்ஸா. "ஈரல் வறுவல் வேணுமா, ரொட்டி மட்டும் போதுமா?"

வறுவலும் வேண்டும் என்று அவர் கோப்பையிடம் சொன்னார். அவள் அடுப்படிக்குப் போகும்வரை தலையை நிமிர்த்தவில்லை. அவள் கண்ணைப் பார்க்காமலிருக்க அவர் பட்ட பாட்டில் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றது.