லாஸ்பேட்டை பார்க்க வந்த விருந்தாளி

விழுப்புரம் பஸ் காலை எட்டு மணிக்குப் புதுச்சேரியில் இறக்கிவிட்டது. டிக்கெட் இரண்டு ரூபாய். எழுபதுகளின் கடைசி அது. முதலியார்பேட்டை வரை நடந்து, கமலா என்பவர் சாலையோரம் போட்டிருந்த இட்லிக் கடையில் உட்கார்ந்தேன். எதிரே மரத்தடியில், மூடிக் கிடந்த ஒரு மில்லின் ஆட்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கமலாவின் கணவர் ராமலிங்கமும் அங்கேதான் இருந்தார். மில்லில் தறி ஓட்டியவர்.

லாஸ்பேட்டையில் வீடு கட்டும் ஆட்களுக்கு அன்று முதல் மதியச் சாப்பாடு தருவதாகக் கமலா ஒப்புக்கொண்டிருந்தார். மதியம் ஒரு மணிக்குள் சாப்பாடு வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று மேஸ்திரி சொல்லியிருந்தாராம். வீட்டில் சைக்கிள் இருந்தது. ஓட்ட வேண்டிய ராமலிங்கம்தான் சீட்டாட்டத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

“மில்லு தொறக்கப் போவுது. நான் சோறு தூக்கிட்டுத் திரிஞ்சா இவனுங்க சிரிக்கமாட்டானுங்க?”

“நம்ம அடுப்பு எரியலன்னா அவங்க வந்து ஊதுவாங்களா?” என்றார் கமலா.

எனக்கு வேலை எதுவும் இல்லை. சைக்கிளைக் கொடுத்தால் நான் கொண்டுபோகிறேன் என்றேன். முன்பின் தெரியாதவனிடம் சைக்கிளைத் தர ராமலிங்கத்துக்கு மனமில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். சாம்பார் சாதத் தவலையை மடியில் வைத்துக்கொண்டு நான் கேரியரில் உட்கார வேண்டும், அவர் மிதிப்பார்.

“எங்கப்பா கெளம்பிட்ட?” என்றார்கள் மரத்தடியில்.

“விருந்தாளி வந்துருக்காரு. லாஸ்பேட்டை காட்டப் போறேன்.”

ஐந்தாறு கிலோமீட்டர். தவலை தொடையைச் சுட்டது. அங்கே நான் பரிமாறினேன். முதலில் வந்தவர்களுக்கு வாரி வைத்துவிட்டதால் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்ற ராமலிங்கம் வந்து கரண்டியைப் பிடுங்கினார்.

“இப்படிப் போட்டா கடைசி ஆளு செங்கல்லத்தான் தின்னணும். வரிசையா வாங்கப்பா!”

எல்லோருக்கும் சரியாக வந்தது. நாளைக்கும் வரச் சொன்னார் மேஸ்திரி. திரும்பும் வழியில் ராமலிங்கம் என்னைக் கேட்டார்:

“நாளைக்கு ஊர்ல இருப்பியா?”

கடலூர் போவதாக இருந்தவன் தங்கிவிட்டேன். கடைக்குப் பின்னால் கமலா பாய் கொடுத்தார். தினமும் விருந்தாளியாகப் போய் லாஸ்பேட்டை பார்த்தேன்.

அடுத்த வாரம் ஒரு மதியம் ராமலிங்கம் கேரியரில் தவலையைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு உனக்கு எடமில்ல” என்றார்.

“இன்னா ராமலிங்கம், விருந்தாளி தவலையாயிட்டாரா?” என்று எதிரிலிருந்து குரல் வந்தது.

“ஆமாடா. மேட்டுல இவர எறங்கச் சொல்ல வேணாம் பாரு!”

சிரித்தார்கள். அவரும் சிரித்தபடியே மிதித்துப் போனார்.

அன்று மாலை கடலூர் பஸ் ஏறினேன். எங்கள் ஊரில் ஆலை நின்றபோது, அங்கே வேலை பார்த்த என் அப்பா வீட்டு வாசலை விட்டு இறங்கவில்லை. சோம்பல் என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னோம். எங்கள் வீட்டுக்கு அப்போது ஒரு விருந்தாளியும் வரவில்லை.