ஒரு கை தொட்ட சுவர்

எங்கள் குடும்பத்தில் தண்ணீரில் பேர் வாங்கியது அத்தை ஒருத்திதான். மற்றவர்களுக்கெல்லாம் மெரினாவில் கால் நனைப்பதோடு சரி. பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீச்சலில் தேசியப் பதக்கம், அதனால் ரயில்வேயில் வேலை, மந்தைவெளி வீட்டு ஷோகேஸ் நிறையக் கோப்பைகள். அந்தக் கோப்பைகளைத் துடைக்கிற வேலை அம்மாவுடையது என்பதால், நாத்தனாரின் சாதனைகளில் அம்மாவுக்கு அவ்வளவாக உற்சாகம் கிடையாது.

எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்ததும் அத்தைதான். அடையாறு பக்கம் இருந்த குளத்துக்கு விடிந்ததும் ஸ்கூட்டியில் அழைத்துப் போவாள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கை மட்டும் பட்டால் முதலில் வந்தாலும் செல்லாது. அவசரத்தில் எனக்கு வலது கை முந்திக்கொள்ளும். "ரெண்டு கை!" என்று கரையிலிருந்து கத்துவாள். திரும்ப அந்தக் கோடிக்குப் போய் நீந்தி வர வேண்டும். அழுதாலும் விடமாட்டாள்.

அந்தக் குளத்தில் பெண்கள் உடை மாற்றும் அறைக்குக் கதவு கிடையாது. ஒருத்தி துண்டைப் பிடிக்க இன்னொருத்தி மாற்றிக்கொள்வாள். அந்த ஒரு கதவுக்காக அத்தை நாலு வருஷம் மனு கொடுத்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அப்பாவிடம், "வெளிய நின்னு கேட்டா ஒண்ணும் நடக்காதுண்ணா, உள்ள போகணும்" என்றாள். உள்ளே என்றால் கட்சி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வேலையை விட்டுவிட்டுப் போனாள். அடுத்த வருஷமே மாவட்ட நீச்சல் சங்கத்தின் செயலாளர் ஆனாள். அதற்கடுத்த வாரம் கதவு வந்துவிட்டது, தாழ்ப்பாளோடு. நாங்களெல்லாம் அதைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தோம். மாநகராட்சித் தேர்தலிலும் அத்தைக்குச் சீட்டு கிடைக்கும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். பட்டியலில் பேர் எழுதி அனுப்புவது கட்சியின் வட்டச் செயலாளர் கையில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாவட்டப் போட்டி வந்தது. எனக்குப் பதினோரு வயது. முதலில் வருகிறவளுக்கு மட்டும் விளையாட்டு விடுதியில் இடம். எனக்குச் சரியான போட்டி ஒருத்திதான், ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண். அவள் அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. விடுதியில் இடம் கிடைத்தால் மகளின் படிப்பும் சாப்பாடும் கழியும் என்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

எனக்கு நாலாவது லேன். கடைசி ஐந்து மீட்டரில் அவள் தலை என் பக்கத்தில் தெரிந்தது. நான் வலது கையை நீட்டிச் சுவரைத் தொட்டேன். இடது கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. அது எனக்கு அப்போதே தெரியும்.

நான் கரையேறுவதற்குள், மேடையில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வட்டச் செயலாளர் மைக்கைப் பிடித்துவிட்டார். "நம்ம மேடத்தோட அண்ணன் பொண்ணு பஸ்ட்டு! கை தட்டுங்கப்பா!" ஈர நீச்சலுடை மேலேயே எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அது சாயம் போகிற பொன்னாடை. என் தோளெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது. போட்டோக்காரர் இன்னொரு படத்துக்கு எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவர் கையில் சீட்டோடு வந்து நின்றார். ஏதோ பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர்.

"மேடம், நாலாவது லேன்ல ஒரு கைதான் பட்டுச்சு. நான் பார்த்தேன்" என்றார்.

"இன்னா சார் நீ? மைக்குல சொல்லியாச்சு, போட்டோவும் எட்த்தாச்சு. கொயந்தைக்குப் போத்துனத கயட்ட சொல்றியா?" என்று சிரித்தார் வட்டச் செயலாளர். சிரிப்பு மாறாமலேயே அத்தையைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா. நாளைக்கு லிஸ்ட்டு வேற போவுது."

அத்தை சீட்டை வாங்கினாள், படிக்கவில்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். கஞ்சி போட்ட புடவை ஈரத் தரையில் பட்டு நனைந்தது.

"ரெண்டு கையும் வெச்சியா?"

"வெச்சேன் அத்தை."

அவள் எழுந்திருக்கவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. எல்லாரும் கை தட்டிய பிறகும் அத்தை மட்டும் ஏன் நோண்டுகிறாள்? "வெச்சேன்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன்.

அத்தை எழுந்து, சீட்டை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "குழந்தை பொய் சொல்லாது சார்" என்றாள். பி.டி. மாஸ்டர் அடுத்த போட்டிக்குப் போய்விட்டார். ஈக்காட்டுத்தாங்கல்காரர், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மகளின் பையைத் தூக்கிக்கொண்டார். அவள் தலையைக்கூடத் துவட்டவில்லை.

அதற்குப் பிறகு அவள் குளத்துக்கே வரவில்லை. எனக்குக் கிடைத்த விடுதி இடத்துக்கு நான் போகவும் இல்லை; பத்து நிமிஷத்தில் வீடு இருக்கும்போது விடுதி எதற்கு என்று அம்மா சொல்லிவிட்டாள். டியூஷன் வந்ததும் நீச்சலும் நின்றது. வளர்ந்த பிறகாவது அவளைத் தேடியிருக்கலாம். தேடவில்லை. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

போட்டியன்று திரும்பும்போது அத்தை என்னை தி. நகருக்கு அழைத்துப் போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். அவளுடையது கிண்ணத்திலேயே உருகியது. அதையும் நானே குடித்தேன். அத்தைக்கு என் மேல்தான் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு என்னைக் குளத்துக்கு அழைத்துப் போக அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. கவுன்சிலருக்கு நேரம் இருக்காதுதானே. இன்று மாநிலச் சங்கத்துக்கே தலைவி. டிவி விவாதங்களில் எந்தக் கேள்விக்கும் பிடி கொடுக்காமல் பேசுகிறவள் என்று பேர்.

மேடையிலிருந்து நாலாவது லேன் சுவர் பத்தடிகூட இருக்காது. எந்தக் கை பட்டது என்று அத்தைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அத்தனை பேர் நடுவில், தன் வாயால் சொல்ல முடியாததை நான் சொல்லிவிடுவேன் என்று நம்பி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். அத்தை என்னிடம் உதவி கேட்டது வாழ்நாளில் அன்று ஒருநாள்தான். பதினோரு வயதுக்காரிக்கு, அவள் தன்னைச் சந்தேகப்படுகிறாள் என்று மட்டும்தான் தெரிந்தது.