நான் அழுவல

பத்து வயதில் என் இடது கண் என்னைக் கேட்காமலே அழுதுகொண்டிருந்தது. காலையில் இமைகள் பீளையில் ஒட்டிக்கிடக்கும். பிறகு நாளெல்லாம் நீர் வழியும். கூடவே ஓயாத மூக்கடைப்பு, கன்னத்துக்குள் மந்தமான வலி. பள்ளியில் ஒருவன் எனக்கு ‘ஓட்டைக் குழாய்’ என்று பெயர் வைத்தான். அவனை நன்றாகக் கிள்ளினேன். கண்ணில் நீரோடு நின்றதால் அடிவாங்கியவள் நான்தான் என்று டீச்சரே முடிவுசெய்து, அவனை வெளியே நிற்கவைத்தார்.

யார் கேட்டாலும் “நான் அழுவல” என்பேன். அம்மாவைத் தவிர யாரும் நம்பவில்லை.

அம்மாதான் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா என் கண்ணின் மூக்கோர மூலையில் ஊசியில்லாத சிரிஞ்சால் உப்புநீர் விட்டு, “தொண்டையில உப்பு கரிக்குதா பாப்பா?” என்று கேட்டார். கரிக்கவில்லை. விட்ட நீர் அப்படியே கன்னத்தில் திரும்பி வழிந்தது.

“கண்ணுல ஊறுற தண்ணி, இங்கேர்ந்து ஒரு சின்னக் குழாய் வழியா மூக்குக்குள்ள இறங்கணும். உனக்கு சைனஸ் தொந்தரவுல மூக்கு உள்ள வீங்கி, குழாயோட கீழ்வாய் அடைச்சிக்கிச்சி. தண்ணி வேற எங்க போவும்?” என்றார். முதலில் மூக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், அதன்பிறகும் அடைப்பு இருந்தால் சின்ன ஆபரேஷனில் திறந்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று அறிவித்தேன்: நான் ஓட்டைக் குழாய் இல்லை, அடைத்த குழாய்.

மூக்கு மருந்து தொடங்கிய சில நாளில் சின்ன அத்தைக்குக் கல்யாணம். கிரிவலப் பாதையில் மண்டபம். மணப்பெண்ணுக்கு முன்னால் பூத்தட்டு ஏந்திப்போக நான் பட்டுப்பாவாடையில் நின்றேன். அப்பாவின் அக்கா, பெரிய அத்தை, வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

“நல்ல காரியத்துல கண்ணுல தண்ணியோட நிக்கறா பாரு. பெரிய ஸ்கிரீன்ல வேற தெரியும். இவள ரூம்ல உக்கார வை” என்றாள் அம்மாவிடம். அப்பா அவசரமாகத் தன் செல்போனைப் பார்த்தார்.

“நான் அழுவல அத்த. மூக்கு அடைச்சிருக்கு, அதான் கண்ணுல வருது.”

“மூக்குக்கும் கண்ணுக்கும் இன்னாடி சம்மந்தம்?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் நகரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ‘சரிங்க அண்ணி’ என்பதற்கு மேல் பேசியறியாத அம்மா, அத்தையின் கையிலிருந்து தட்டைத் திரும்ப வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

“சம்மந்தம் இருக்குதுங்க அண்ணி. எம் பொண்ணு முன்னாலதான் போவா. ஸ்கிரீன்ல தெரிஞ்சா தெரியட்டும்.”

மேளம் தொடங்கிவிட்டது. அத்தையின் பதிலுக்கு நேரமில்லை. நான் நடந்தேன். மேடைக்குப் பக்கத்துத் திரையில் என் கன்னம் என்னைவிடப் பெரிதாகப் பளபளத்தது. துடைக்கவில்லை. வேண்டுமென்றே கேமராவை நேராகப் பார்த்தேன்.

தாலி ஏறியபோது திரும்பினால், அம்மாவின் இரண்டு கண்களிலிருந்தும் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. பதறிப்போய்ப் பெரிய அத்தையைப் பார்த்துக் கத்தினேன்: “அம்மாவுக்கும் சைனஸ் வந்துட்ச்சி அத்த! ரெண்டு பக்கமும்!”

மேடையே சிரித்தது. அம்மா என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அவளும் துடைத்துக்கொள்ளவில்லை.

சில மாதங்களில் மூக்கு தெளிந்தது. மிச்சமிருந்த அடைப்பை டாக்டரம்மா திறந்துவிட்டார். என் கண் வறண்டு சாதுவானது. ஆனால் அதுவரை ஒவ்வொரு முறை போனபோதும், அம்மாவின் கண்ணிலும் உப்புநீர் விட்டுப் பார்க்கச் சொல்லி அடம்பிடித்தேன்.

“எனக்கு ஒண்ணும் அடைப்பு இல்லடி” என்பாள் அம்மா, டாக்டரைப் பார்க்காமல்.

சிரிஞ்சுக்குப் பயந்து பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.