அழகுமீனா வைத்த பெரிய கும்பிடு

நடிக்கிறாளாம்! பசித்தவள் சோற்றில் போயா நடிப்பாள்? பிசைந்து எடுத்த கவளம் வாய்க்கு வராமல் மணிக்கட்டு தொங்கி மடியில் கொட்டியதே, அதுவும் நடிப்பா?

அச்சங்குளத்தில் இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவள் எதிர்வீட்டுப் பாலம்மாள். "நான் பாத்தேன்ல! கத்திரிக்காப் பையை அந்தக் கையிலதான் தூக்கிட்டுப் போறா. வேலைக்குப் போகணும்னா மட்டும் கை வராதாக்கும்?"

பார்த்தது பொய்யில்லை. பார்த்ததில் பாதிதான் அவளுக்குப் புரிந்தது.

பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது படி வழுக்கி விழுந்தாள் அழகுமீனா. வலது மேல்கையில் எலும்பு முறிந்தது. அந்த எலும்பை ஒட்டிச் சுற்றி இறங்குகிற நரம்பும் சேர்ந்து நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது. கட்டைப் பிரித்துப் பார்த்தால், கை மணிக்கட்டிலிருந்து வாடிய கீரைத்தண்டாகத் தொங்கியது. விரல்கள் மடங்கும், விரியாது. தொங்குகிற கையில் பையை மாட்டிவிட்டால் எப்படியோ பிடித்துக்கொள்ளும். இறக்கி வைக்கத்தான் இடது கை வந்து விரல்களைப் பிரித்துவிட வேண்டும். கட்டைவிரலை ஒட்டிய புறங்கை மரத்துக் கிடந்தது. தோசைக்கல் சுட்டதே கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அவள் வேலையோ வெடிகளை நூலில் கோத்துச் சரமாகப் பின்னுவது. மணிக்கட்டு நிமிராமல், விரல் விரியாமல் அது நடக்காது.

"நரம்பு அறுந்து போகலம்மா," என்றார் விருதுநகர் டாக்டர். "ஆனா நகம் வளர்ற மாதிரி மெதுவாத்தான் வளந்து வரும். அதுவரைக்கும் மணிக்கட்டை நிமித்திப் பிடிக்க இந்தப் பட்டையைப் போடுங்க. இடது கையால விரலை விரிச்சு விட்டுக்கிட்டே இருங்க. இல்லேன்னா இறுகிப்போகும்."

பாலம்மாளின் கோபம் வேறு இடத்தில் பிறந்தது. தன் மகளின் சடங்கு வீட்டில் பாலம்மாள் வாசலில் நின்று எல்லாரையும் கும்பிட்டு வரவேற்றாள். அழகுமீனா அன்று பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பட்டுச்சேலையில் போயிருந்தாள். இடது கை நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. வலது கை தரையைப் பார்த்தது. சட்டென்று அதைச் சேலைக்குள் மறைத்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஒரு கும்பிடு போட வலிக்கா? பெரிய சீமாட்டி!"

பேச்சு அங்கே தொடங்கியதுதான்.

தீபாவளி சீசன் நெருங்கியது. "கம்பெனியில கேட்டுக்கிட்டே இருக்காக. வேற ஆளைப் போடச் சொல்லிரவா?" என்றான் கணவன் மாரிக்கண்ணன்.

"சொல்லாதீக."

தினமும் மேசை விளிம்பில் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். தூக்கு, தூக்கு என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் புறங்கை லேசாக மேலே வந்தது.

"ஏ, ஆடுது!" என்று கத்தினான் மாரிக்கண்ணன்.

"ஃபேன் காத்துல ஆடுதோ என்னமோ, நிறுத்திட்டுப் பாருங்க."

நிறுத்தினான். மறுபடி வந்தது.

பிறகும் மாதங்கள் போயின. முதலில் மணிக்கட்டு நிமிர்ந்தது. விரல்கள் பின்னால் வந்தன. கட்டைவிரல் எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சோம்பல் முறித்தது. வீட்டில் சணல் கயிற்றைப் பின்னிப் பார்த்தாள். முடிச்சு கோணலாக விழுந்தாலும் விழுந்தது.

மறுபடி வேலைக்கு ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வந்த காலையில் பாலம்மாள் தெருவில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "என்ன மகாராணி, நடிப்பு முடிஞ்சிருச்சா?"

அழகுமீனா சாப்பாட்டுப் பையை நிலைப்படியில் வைத்தாள். இரண்டு கைகளையும் தூக்கினாள். வலது விரல்கள் முழுதாக நிமிரவில்லை. ஆனாலும் உள்ளங்கை உள்ளங்கையோடு சேர்ந்தது.

"அன்னைக்கு விட்டுப்போன கும்பிடு, மதினி. பெரிய கும்பிடாவே வச்சுக்கிடுங்க."

பையை வலது கையில் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.